பத்துப் பேருக்கு இருபது கால்

பட்டினப்பாக்கத்து மீன் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் நிற்க இடம் இருக்காது. அந்த ஜனவரி ஞாயிறன்று லாசரின் கை மீனில் இருந்தது, கண் மட்டும் சாலையில் இருந்தது.

“இன்னாய்யா, வவ்வாலுக்குத் தலைய எடுக்கச் சொன்னா வால எடுத்துக்கினு கீற?” என்றாள் அவர் மனைவி காவேரி. “ஓடி முடிச்சா வரப்போறாரு. நீ பாத்துக்கினே கீறதால சீக்கிரம் வந்துடுவாரா?”

“அம்பது வயசாவுது அந்தாளுக்கு. பேங்க்ல ஒக்காந்துக்கினு கீறவரு. இருவத்தோரு கிலோமீட்டர் ஓடறேன்னு கெளம்பிட்டாரே!”

“உனுக்கு அம்பத்து மூணு. நீ இங்கேர்ந்து ஐஸ் வண்டி வரிக்கும் ஓடு, பாப்பம்.”

மீன் வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். லாசர் சிரிக்கவில்லை. வவ்வால் மீனைத் திருப்பிப் போட்டுத் தலையை எடுத்தார்.

அவர் காத்திருந்தது அனந்தராமனுக்காக. மயிலாப்பூரில் சித்திரக்குளத்துப் பக்கம் வீடு. பட்டாளத்திலிருந்து திரும்பிய நாளிலிருந்து ஞாயிறு தவறாமல் இந்தக் கடைக்கு வருகிறார். இதுவரை ஒரு நெத்திலிகூட வாங்கியதில்லை. வந்ததும் காலி ஐஸ் பெட்டியின் மேல் உட்காருவார், செருப்பைக் கழற்றுவார். லாசர் வேலையிலிருந்து நிமிராமலே, “காட்டு” என்பார். அனந்தராமன் இரண்டு காலையும் தூக்கிக் காட்டுவார். லாசர் பத்து விரலையும் ஒரு பார்வை பார்த்து, “சரி, வெச்சிக்க” என்பார். அப்புறம்தான் டீ, ஊர்க்கதை, அரசியல் எல்லாம்.

அவருக்குச் சர்க்கரை வியாதி, லாசர் ஏதோ கை வைத்தியம் பார்க்கிறார் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காவேரிக்கு மட்டும்தான் விஷயம் தெரியும்.

லாசர் பிறந்து வளர்ந்தது இதே மணலில்தான். அப்பாவுக்கு ஒரு படகு இருந்தது. அண்ணன் ஜான்சன் பன்னிரண்டு வயதிலேயே வலை இழுத்தான். லாசர் பதினாலு வயதில் முதல் தடவை அலை தாண்டியபோது வயிறு புரண்டது. மீன் பிடிக்கிற வீட்டுப் பையன் கடலில் வாந்தி எடுக்கிறான் என்றால் குப்பத்தில் வெளியே சொல்ல முடியுமா? பழகிவிடும் என்றார்கள். ஐந்து வருஷமாகியும் பழகவில்லை. படகோரத்தில் தலையைத் தொங்கப் போட்டுக் கிடப்பவனிடம் வலையைக் கொடுக்க முடியாது. அப்பா ஒரு பழைய பெயிண்ட் டப்பாவைக் கொடுத்தார்.

“நீ தண்ணிய எறைடா. அது போதும்.”

அலையடித்து உள்ளே விழும் தண்ணீர் படகின் பின்பக்கத்துப் பள்ளத்தில் சேரும். அதை மொண்டு மொண்டு வெளியே வீச வேண்டும். குமட்டிக்கொண்டே கூடச் செய்யக்கூடிய வேலை. லாசர் அதை ஒழுங்காகச் செய்தான். அவன் இருந்த படகில் பலகைக்கு மேலே தண்ணீர் ஏறியதே இல்லை. ஆனால் அதற்கு யார் பாராட்டுவார்கள்? ஊரில் ‘டப்பா லாசர்’ என்று பெயர் விழுந்துவிட்டது. கல்யாணப் பந்தியில் தண்ணீர் ஜக்கைத் தூக்கினால்கூட ஜான்சன் விடமாட்டான். “டேய், டப்பா வந்துட்டான். இனிமே பந்தி முழுவாது!”

பத்தொன்பது வயதில், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் லாசர் யாரிடமும் சொல்லாமல் போய் வரிசையில் நின்றான். கடல் இல்லாத வேலை எதுவானாலும் அவனுக்குச் சம்மதம். ஓடச் சொன்ன தூரம் ஓடினான், தேறிவிட்டான்.

எட்டு வருஷம் கழித்து, தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஜூன் மாதம், வடக்கே மலையில் சண்டை நடந்தது. லாசர் அப்போது நாயக் பதவியில் இருந்தான். பதினைந்தாயிரம் அடி உயரத்தில் பாறைக்கும் பனிக்கும் நடுவே வெட்டிய ஒரு பதுங்குகுழியில் அவனோடு சேர்த்துப் பத்துப் பேர் இருந்தார்கள். பட்டாளத்தில் அதை மோர்ச்சா என்பார்கள். முப்பதடி நீளம், மார்பளவு ஆழம். முன்னால் கல் அடுக்கியிருந்தது, தலைக்கு மேல் ஒரு தார்ப்பாய். கீழே ஓடையை ஒட்டி ஒரு பாதை போயிற்று. முன்னேறிப் போயிருந்த நானூறு பேருக்குச் சோறும் தோட்டாவும் கோவேறு கழுதைகளின் முதுகில் அந்தப் பாதையில்தான் போயாக வேண்டும். மோர்ச்சா கையில் இருக்கும்வரைதான் பாதை நம்முடையது. எதிரி அதைப் பிடித்து உட்கார்ந்தால் ஒரு கழுதைகூட அந்தப் பக்கம் போகாது.

மோர்ச்சாவுக்குத் தலைவர் ஹவில்தார் குல்ஷன். இமாச்சலத்துக்காரர், மலையிலேயே பிறந்தவர். மற்றவர்களுக்கு மலைப்பழக்கம் சொல்லிக்கொடுக்கவே இந்தப் படைப்பிரிவோடு அனுப்பியிருந்தார்கள். ஏறி வந்த அன்றைக்கு மூச்சு வாங்கிப் பாறையில் சாய்ந்து கிடந்த லாசரைப் பார்த்து அவர் இந்தியில் கேட்டார்.

“கடற்கரைக்காரனை எல்லாம் யார் மலைக்கு அனுப்பினது?”

பதில் சொன்னது இசக்கிமுத்து. திருச்செந்தூர்ப் பக்கத்து ஆள், வாய் சும்மா இருக்காது. “சாப், இவன் கடலுக்கே ஆவமாட்டான்னுதான் இங்க தள்ளி விட்டிருக்காவ.”

எல்லாரும் சிரித்தார்கள். பெயிண்ட் டப்பா கதையை ஒரு தடவை இசக்கிமுத்துவிடம் சொல்லித் தொலைத்ததற்காக லாசர் தன்னையே நொந்துகொண்டான்.

மாற்று ஆள் வர ஒன்பது நாள் ஆகும் என்று கீழேயிருந்து உத்தரவு வந்தது. அதுவரை மேலே வரும் தடத்தில் குண்டு விழுந்துகொண்டே இருக்கும், யாரும் ஏறி வர முடியாது. எட்டுப் பேருக்குக் குறைந்தால் மோர்ச்சாவை விட்டு இறங்கிவிட வேண்டும். குல்ஷன் பத்துப் பேரையும் கூட்டிவைத்துக் கணக்குச் சொன்னார்.

“தோட்டாவைப் பற்றி நான் பயப்படவில்லை. காலைப் பற்றித்தான் பயம். ஈரச் சாக்ஸோடு ஒரு நாள் இருந்தால் விரல் செத்துப்போகும். ஒருத்தன் கால் போனால் அவனைத் தூக்கிக்கொண்டு இறங்க நாலு பேர் வேண்டும். ஒரு கால் போனால் அஞ்சு பேர் போனார்கள். அஞ்சு பேர் போனால் மோர்ச்சா போச்சு.”

அதனால் அவர் ஒரு விதி வைத்தார். தினமும் மதியம், வெயில் கொஞ்சம் உறைக்கும் நேரத்தில், எல்லாரும் பூட்ஸைக் கழற்ற வேண்டும். இரண்டிரண்டு பேர் ஜோடி. தன் காலைத் தான் பார்க்கக் கூடாது, ஜோடியின் காலைத்தான் பார்க்க வேண்டும். “தன் காலைப் பார்க்கிறவன் பொய் சொல்வான். அடுத்தவன் கால் என்றால்தான் கண் உண்மையைப் பார்க்கும்.”

லாசருக்கு ஜோடியாக வாய்த்தவன் ரேடியோக்காரன் அனந்தராமன். இருபத்து நாலு வயது, பி.காம். படித்தவன். அடிக்கடி நின்றுபோகும் அந்த ரேடியோ அவன் கைக்கு மட்டும்தான் பேசும். பேட்டரி குளிரில் செத்துவிடக் கூடாது என்று சட்டைக்குள் வைத்துக் கட்டியிருப்பான். அவன் வீட்டுக்கும் லாசர் வீட்டுக்கும் நடந்தால் அரைமணி நேரம்கூட ஆகாது. ஆனால் சென்னையில் இருந்தவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து ஒரே குழிக்குள் உட்கார்ந்துகொண்டு, லஸ் முனையில் எந்தக் கடையில் பாதாம்பால் நன்றாக இருக்கும் என்று சண்டை போட்டார்கள்.

முதல் நாள் மதியம் லாசர் கையை நீட்டி, “கால குடு” என்றதும் அனந்தராமன் பின்னால் நகர்ந்தான்.

“நானே பாத்துண்டேன்ணா. நன்னாத்தான் இருக்கு.”

“நீ பாக்கக்கூடாதுன்னுதான ரூல்சு?”

“நிஜமாவே நன்னாருக்குண்ணா. உங்க கால நான் பாக்கறேன், இப்படிக் குடுங்கோ.”

பார்த்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்துப் பார்த்துச் சொன்னான். அவன் காலைக் காட்டும் நேரம் வந்ததும் ரேடியோ கூப்பிடுகிறது என்று எழுந்து போய்விட்டான். இரண்டாம் நாள் பேட்டரியைச் சாக்காகச் சொன்னான், மூன்றாம் நாள் எதிரிக் குண்டு சாக்காயிற்று. லாசருக்கும் எத்தனையோ வேலை. படித்த பையன், அவன் காலை அவனுக்குப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா என்று விட்டுவிட்டான். அதுதான் தான் செய்த தப்பு என்று லாசர் இன்றைக்கும் சொல்வார்.

தினம் காலையில் கீழேயிருந்து ரேடியோவில் ஒரே கேள்வி வரும். “எத்தனை பேர்?”

அனந்தராமன் தெளிவான குரலில் சொல்வான். “பத்து.”

நான்காம் நாள் காலை அவன் ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தான். பூட்ஸ் ஈரமாக இருந்ததால் சாக்ஸோடு உட்கார்ந்திருந்தான். அடுப்பிலிருந்து கொதிக்கக் கொதிக்க டீயை எடுத்து வந்த இசக்கிமுத்துவுக்குக் கல் தடுக்கியது. அரைக் குவளை டீ அனந்தராமனின் இடது கால்மேல் கொட்டியது.

“ஐயோ, மன்னிச்சிருலே!” என்று இசக்கிமுத்து கத்தினான்.

அனந்தராமன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாக்ஸிலிருந்து ஆவி பறந்தது. அவன் பாட்டுக்கு எண்களைப் படித்துக்கொண்டிருந்தான்.

லாசர் அதைப் பார்த்தான். ரேடியோப் பேச்சு முடிகிறவரை காத்திருந்து, அவன் முன்னால் போய்க் குந்தினான்.

“எத்தினி நாளா?”

“எதுண்ணா?”

“சுடுதண்ணி ஊத்துனா தெரியல உனுக்கு. எத்தினி நாளா தெரியல?”

அனந்தராமன் தலை குனிந்தான். “நேத்திக்குச் சாயங்காலத்துலேர்ந்து மரத்துப்போயிருக்கு. சரியாயிடும்னு நெனச்சேன்.”

“கால குடு.”

“வேண்டாம்ணா.”

“டேய், குடுடா கால!”

“அண்ணா, நீங்க என்னைவிடப் பெரியவா. என் கால உங்க கையில குடுத்தா எனக்குப் பாவம்ணா. எங்காத்துல தெரியாம ஒருத்தர்மேல கால் பட்டாலே தொட்டுக் கண்ணுல ஒத்திப்போம். என்னால முடியாது.”

மேலே எதிரி, கீழே நானூறு பேரின் சோறு. இவன் நாலு நாளாகக் காலை மறைத்துக்கொண்டிருந்தது இதற்காக. கோபம்தான் முதலில் வந்தது. அடுத்த கணமே, தன் குப்பத்திலும் எந்தப் பையனும் பெரியவர் கையில் காலை நீட்டமாட்டான் என்பது நினைவுக்கு வந்தது. குல்ஷனின் விதி மலைக்குச் சரி. அதில் தங்கள் ஊர் வழக்கத்துக்கு இடமில்லை என்பதை அவர் எப்படி அறிவார்?

“பாவம்தான? எங்க மாதா கோயில்ல பாவத்த சொல்றதுக்குன்னே ஒரு பொட்டி கீது நைனா. ஊருக்குப் போனா உன்னுதையும் சேத்து சொல்லிடறேன். குடு.”

“பாவம் என்னோடதுண்ணா. உங்க பொட்டில போட்டாக் கழியுமா?”

பின்னாலிருந்து இசக்கிமுத்து, “ஏல, பஞ்சாயத்து பேசுத நேரமாலே இது? விரலு அழுகிப்போவும்லே!” என்றான்.

லாசர் பேசுவதை விட்டுவிட்டான். மண்ணில் உட்கார்ந்து, தன் வலது பூட்ஸைக் கழற்றி, சாக்ஸை உருவி, வெறும் காலைத் தூக்கி அனந்தராமனின் மடியில் வைத்தான்.

“புடி.”

அனந்தராமன் தன்னையறியாமல் பிடித்துக்கொண்டான்.

“பெரியவன் காலு இப்ப உன் கையில கீது. புண்ணியம் வந்துச்சா?”

“வந்தது.”

“இப்ப உன் காலு என் கைக்கு வரும். பாவம் வரும். ரெண்டும் கழிஞ்சிபோச்சி. குடு.”

அனந்தராமன் ஒரு கணம் யோசித்தான். இடது காலை மெல்ல நீட்டினான்.

சாக்ஸை உரித்தபோது நாலு விரல் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. தொட்டால் கட்டை. லாசரின் கை தானாகத் தேய்க்கப் போயிற்று. அவன் அம்மாவாக இருந்தால் எண்ணெய் ஊற்றிச் சூடு பறக்கத் தேய்த்திருப்பாள். குல்ஷன் ஓடி வந்து கையைத் தட்டிவிட்டார். “தேய்க்காதே! தோல் கையோடு வந்துவிடும். நெருப்பும் கூடாது. உடம்புச் சூடுதான்.”

லாசர் நான்கு அடுக்குச் சட்டைப் பொத்தானையும் திறந்தான். அந்தக் காலை எடுத்துத் தன் வெறும் வயிற்றில் வைத்து, மேலே சட்டையை மூடிக்கொண்டான்.

“ஆத்தா!” என்று அலறினான். “ஐஸ் பொட்டிலேர்ந்து எடுத்த வஞ்சரம் மாரி கீதுடா!”

“அண்ணா, என் கால மீனோட சேக்காதீங்கோ.”

“ஏன், வஞ்சரம் இன்னா வெல தெரியுமா? உன் காலுக்கு எவன் குடுப்பான் அந்த வெல?”

ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். லாசரின் கால் அனந்தராமனின் மடியில், அனந்தராமனின் கால் லாசரின் வயிற்றில். தலைக்கு மேலே இரண்டு தடவை குண்டு போயிற்று. இருவரும் குனிந்தார்கள், காலை எடுக்கவில்லை. குல்ஷன் அடிக்கடி வந்து எட்டிப் பார்த்தார். மற்ற ஏழு பேரும் துப்பாக்கியைப் பிடித்தபடியே காதை இந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். அந்த ஒரு காலில் ஐந்து பேர் இருந்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

திடீரென்று அனந்தராமன் முகம் கோணியது.

“அண்ணா, எரியறது.”

“இன்னா?”

“எரியறதுண்ணா! ஐயோ, ஊசி குத்தற மாதிரி எரியறது!”

“எரியுதா?” லாசர் குழிக்குள் துள்ளி எழப் பார்த்தான். “டேய், எரியுதாம்டா! சாப், எரியுதாம்!”

முப்பதடி நீளக் குழியில் ஒரு கோஷம் எழுந்தது. ஒருவனுக்குக் கால் எரிவதற்காகப் பட்டாளம் ஆர்ப்பரித்தது அநேகமாக அங்கேதான் இருக்கும். வலியில் கண்ணீர் வழிய அனந்தராமனும் சேர்ந்து சிரித்தான். குல்ஷன் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். ரத்தம் திரும்பிக்கொண்டிருந்தது. “தப்பிச்சது,” என்றார். “ஆனால் கேட்டுக்கோ. இந்தக் கால் இனி ஒரு தடவை நனைந்தால் பிழைக்காது.”

அன்று மதியமே வெயில் ஏறியது. மேலே சரிவில் பனி உருகி, பாறை இடுக்கு வழியாகத் தண்ணீர் மோர்ச்சாவுக்குள் இறங்க ஆரம்பித்தது.

கணுக்கால் அளவு வந்ததும் ஆட்கள் திணறினார்கள். வெளியே தலை நீட்டி வாய்க்கால் வெட்ட முடியாது, எதிரி குறி பார்த்து அடிப்பான். ஆளுக்கொரு பக்கம் ஹெல்மெட்டால் மொண்டு வீசினார்கள். வீசிய தண்ணீரில் பாதி உள்ளேயே வந்து விழுந்தது. குல்ஷனுக்குப் பனி தெரியும், பாறை தெரியும். தண்ணீர் நிறைகிற குழியில் நாள்கணக்கில் உட்காருவது அவருக்கும் புதிது.

லாசர் எழுந்து பார்த்தான். நீளமாக ஒரு பள்ளம், நடுவில் ஆட்கள், காலடியில் தண்ணீர். அவனுக்கு இது எதுவும் புதிதில்லை.

“எல்லாம் நிறுத்துங்க,” என்றான். “ஆளாளுக்கு எறைச்சா வேலைக்கு ஆவாது. இது படகு மாரி. படகுல எறைக்கறவன் ஒர்த்தந்தான்.”

மோர்ச்சாவின் கீழ்க்கோடியில் முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி தோண்டச் சொன்னான். தரையை அந்தப் பக்கம் சரிவாகச் சீவினார்கள். தோட்டாப் பெட்டிகளை உடைத்து, பலகைகளைக் கல்லின்மேல் பரப்பினார்கள். ஆட்கள் பலகைக்கு மேலே, தண்ணீர் பலகைக்குக் கீழே. உருகி வருகிற தண்ணீரெல்லாம் ஓடிப்போய்க் கீழ்க்கோடிக் குழியில் சேர்ந்தது. லாசர் ஒரு காலி நெய் டின்னின் வாயை வெட்டி எடுத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்தான். மொண்டு, தோளுக்கு மேலே, பாறைக்கு அந்தப் பக்கம் வீசினான். ஒரு சொட்டு உள்ளே விழவில்லை.

அரைமணியில் தரை தெரிந்தது.

இசக்கிமுத்து தரையைக் குனிந்து பார்த்தான். அப்புறம் சொன்னான். “டப்பா லாசருன்னு சும்மாவா பேரு வச்சிருக்காவ!”

ஊரில் அந்தப் பெயரைக் கேட்டால் உடம்பு கூசும். அன்றைக்கு லாசர் டின்னைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான்.

பகலில் வெயில் இருக்கிற நேரமெல்லாம் இறைப்பு நடந்தது. ஆளுக்கு ஒரு மணி நேரம் முறை. லாசர் பக்கத்தில் நின்று சொல்வான். “அவசரப்படாத. அரை டின்னு மொண்டா போதும். கை நிக்கக்கூடாது, அவ்ளோதான்.” மலையில் பிறந்த குல்ஷன்கூட முறை வந்தால் டின்னை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். மதியம் பூட்ஸ் கழற்றும் நேரத்தில் அனந்தராமன் இப்போது சாக்குச் சொல்வதில்லை. தான் முதலில் லாசரின் காலை மடியில் வாங்கிக்கொள்வான். அப்புறம்தான் தன் காலை நீட்டுவான். அந்த வரிசை ஒருநாளும் மாறவில்லை.

ஏழாம் நாள் காலை மூடுபனி இறங்கியது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. அதை மறைவாக வைத்துக்கொண்டு எதிரி கிளம்பி வந்தான். பாறை உருளும் சத்தம்தான் முதலில் கேட்டது, பிறகு சுடத் தொடங்கினார்கள். இந்தப் பத்துப் பேர் தனியாக நின்று தடுத்திருக்க முடியாது. கீழே இருந்த பீரங்கிகள்தான் காப்பாற்ற வேண்டும். பீரங்கிக்குக் கண் ரேடியோ.

அனந்தராமன் பலகைமேல் நின்றான். இரண்டு மணி நேரம் நின்றான். குல்ஷன் சத்தம் வரும் திசையைச் சொல்ல, அவன் அதை எண்ணாக்கிக் கீழே படித்தான். “இன்னும் நூறு மேலே... அம்பது இடது... அதேதான், அதையே அடியுங்கோ!” பரபரப்பில் இந்தியிலிருந்து ஆத்துத் தமிழுக்குத் தாவி, மறுபடி இந்திக்குத் திரும்பினான். இசக்கிமுத்துவின் தோளில் ஒரு சில்லு பாய்ந்தது. அவன் மற்றக் கையால் சுட்டான். லாசர் மோர்ச்சாவின் மேல்முனையில் துப்பாக்கியோடு கிடந்தான். குண்டு விழுந்து பனி சிதறித் தண்ணீர் உள்ளே பாயும்போதெல்லாம் அவன் தலையைத் திருப்பி ஒன்றே ஒன்றைத்தான் பார்த்தான்: பலகையின்மேல் நிற்கும் அந்த இரண்டு பூட்ஸ். அவை நனையவில்லை.

பத்து மணிக்கு மூடுபனி விலகியது. சரிவில் ஏறி வந்தவர்கள் திரும்பி இறங்கிக்கொண்டிருந்தார்கள். கீழே பாதையில் கோவேறு கழுதைகள் மூட்டையோடு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

ரேடியோ கரகரத்தது. “எத்தனை பேர்?”

அனந்தராமன் எல்லாரையும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தான். அதே தெளிவான குரலில் சொன்னான். “பத்து.”

ஒன்பதாம் நாள் மாற்று ஆட்கள் ஏறி வந்தார்கள். மற்ற மோர்ச்சாக்களிலிருந்து இறங்கியவர்களில் பாதிப் பேரைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. சிலர் இறங்கவே இல்லை. அதனால் இவர்களுக்காகவும் அடிவாரத்தில் ஆறு ஸ்ட்ரெச்சர்களை விரித்து வைத்துக்கொண்டு ஒரு டாக்டர் காத்திருந்தார். பத்துப் பேரும் வரிசையாக நடந்து வந்தார்கள். இசக்கிமுத்துவுக்குத் தோளில் கட்டு. மற்றபடி கிழிசல், அழுக்கு, தாடி. டாக்டர் பூட்ஸைக் கழற்றச் சொன்னார். இருபது காலையும் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

“யார் இதைப் பார்த்துக்கொண்டது?” என்றார்.

குல்ஷன் நகர்ந்து, லாசரை முன்னால் தள்ளினார். “இந்தக் கடற்கரைக்காரன்தான், சாப்.”

அந்த வருஷம் டிசம்பரில் லாசர் லீவில் வந்தான். குப்பத்தில் எல்லாரும் கேட்ட கேள்வி, எத்தனை பேரைச் சுட்டாய் என்பதுதான். அவன் ஒவ்வொரு தடவையும் பேச்சை மாற்றினான். ஜான்சன் விடாமல் நச்சரித்தான். “அப்ப இன்னாதாண்டா பண்ண ஒம்போது நாளு?”

“தண்ணி எறைச்சேன்,” என்றான் லாசர்.

ஜான்சன் வாய்விட்டுச் சிரித்தான். லாசரும் சிரித்தான். நெய் டின் கதையை முழுசாகக் கேட்டபோது, பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த அப்பாவின் கை நின்றது. எழுந்து போனார். மறுநாள் காலை படகுக்குப் போனபோது அந்தப் பழைய பெயிண்ட் டப்பாவை எடுத்துவந்து வீட்டுக்குள் ஆணியில் மாட்டினார். படகுக்குப் புது டப்பா ஒன்று வாங்கிக்கொண்டார்.

அந்தப் பழைய டப்பா இப்போது மீன் கடைத் தூணில் தொங்குகிறது. மீன் கழுவக்கூட அதைத் தொட விடமாட்டார் லாசர்.

“தோ வராரு உன் ஆளு!” என்றாள் காவேரி.

சாலையிலிருந்து அனந்தராமன் வந்துகொண்டிருந்தார். மார்பில் நம்பர் குத்திய பனியன், கழுத்தில் மெடல். கொஞ்சம் நொண்டினார். கடை வாசலுக்கு வந்து ஐஸ் பெட்டிமேல் விழுந்த மாதிரி உட்கார்ந்தார்.

“முடிச்சுட்டேன்ணா. ரெண்டு மணி முப்பத்தொம்பது நிமிஷம்.”

லாசர் கத்தியைக் கீழே வைத்தார். “காட்டு.”

“முதல்ல ஒரு வாய் தண்ணி...”

“காட்டுன்றன்ல.”

ஷூவைக் கழற்றினார். இடது காலில் பெருவிரல் நகம் கருத்து வீங்கியிருந்தது. காவேரி ஒரு தொட்டியில் தண்ணீர் எடுத்து வந்து வைத்தாள். லாசர் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, காலுக்காகக் கை நீட்டினார்.

அனந்தராமன் நீட்டவில்லை. “கையில குடுக்கணும்னா வரிசை உண்டே, மறந்துடுத்தா? முதல்ல உங்களுது.”

“யோவ், ஜனம் பாக்குதுய்யா. காலெல்லாம் மீன் செதிலு.”

“பாக்கட்டும்.”

மீன் வாங்க நின்ற கூட்டம் பார்த்தது. மயிலாப்பூரிலிருந்து வாக்கிங் வந்த இரண்டு பேர் நின்றே பார்த்தார்கள். அனந்தராமன் குனிந்து, செதில் ஒட்டிய அந்த ஈரக்காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தன் இடது காலை லாசரின் கையில் கொடுத்தார்.

“இன்னா, எரியுதா?” என்று கேட்டார் லாசர்.

“நன்னா எரியறது.”

லாசர் ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தார். நகம் கருத்த விரலிலும் ரத்தம் திரும்பி வந்தது.

“எத்தினி கீது?” என்றாள் காவேரி, கல்லாவிலிருந்து.

“பத்து,” என்றார் லாசர்.